வசந்தகால வான்கோழி வேட்டை: கூட்டையும் மற்ற அடையாளங்களையும் கண்டுகொள்வது எப்படி?

கனடாவின் தென் ஒன்டாரியோவில் வசந்தகால வான்கோழி வேட்டை ஏப்ரல் 25 அன்று தொடங்கி மே 31 வரை நடக்கும். பெட்டைகள் முட்டையிடுவதும் அடைகாப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து வாரங்களில்தான். துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைகிறவர் எங்கோ ஒரு கூட்டைத் தாண்டித்தான் போகிறார். பெரும்பாலும் அது அவருக்குத் தெரிவதில்லை.

வசந்தத்தில் சுட அனுமதி உள்ளது மார்பில் தாடி எனும் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டும்தான், அதாவது அநேகமாகச் சேவலை. அந்தச் சேவல் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது பெட்டை. பெட்டை எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது அதன் கூடு. ஆகவே கூட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதில் இரண்டு லாபம்: மிதிக்காமல் விலகிப் போகலாம், எங்கே உட்கார்ந்தால் சேவல் வரும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். கூட்டைத் தேடிக்கொண்டு புதர் புதராக அலைய வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

இந்த வழிகாட்டி கிழக்கத்திய வான்கோழி வாழும் தென் ஒன்டாரியோவையும் அதை ஒட்டிய அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. ஒன்டாரியோவில் இந்தப் பறவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முற்றாக அழிந்துபோய், 1984இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து பிடித்து வந்த காட்டுப் பறவைகளால் மீண்டும் வேரூன்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கதையும் அதேதான்: 1851இல் கடைசிப் பறவை போனது, 1972, 73இல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 37 பறவைகளில் இருந்து இன்றைய கூட்டம் பெருகியது. இன்று சாலையோரத்தில் சாவகாசமாக மேயும் கூட்டத்தைப் பார்க்கும்போது இதை நம்பக்கூட முடியாது.

முதலில் பெட்டையின் நாட்காட்டி

அடையாளம் எதையும் படிக்கும் முன் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேதி தெரியாமல் பார்த்த கால்தடத்துக்கு அர்த்தம் பாதிதான்.

குளிர்காலம் முழுக்கப் பெருங்கூட்டமாகத் திரிந்த வான்கோழிகள் மார்ச் கடைசியில், பனி கரையும்போது பிரியத் தொடங்கும். சேவல்களின் கத்தல் அப்போது ஒருமுறை உச்சத்துக்குப் போகும். வேட்டைக்காரர்கள் 'காபிள்' என்று சொல்லும் இந்தக் கத்தல் காற்றில்லாத காலையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஏப்ரல் பாதிக்கு மேல் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கூடு வைக்கும். ஏறக்குறைய நாளுக்கு ஒரு முட்டை. சாதாரணமாக மொத்தம் 10 முதல் 12. நான்கோடு நிற்பதும் உண்டு, பதினேழு வரை போவதும் உண்டு.

முட்டையிடும் இந்த இரண்டு வாரம் பெட்டை கூட்டிலேயே கிடப்பதில்லை. விடிந்ததும் மரத்திலிருந்து இறங்கிச் சேவலோடு சேர்ந்து மேயும். முற்பகலில் ஓசையில்லாமல் நழுவிக் கூட்டுக்குப் போகும். முட்டையிட்டு, சிலசமயம் சருகை மேலே இழுத்து மூடிவிட்டு வெளியே வரும். இரவு மரத்தில்தான் அடையும். கடைசி முட்டை இட்டதும் வழக்கம் மாறிவிடும். இரவும் பகலும் கூட்டிலேயே, ஏறத்தாழ 28 நாள். தீனிக்கும் தண்ணீருக்கும் நாளுக்கு ஒருமுறை போல எழுந்து வருவதோடு சரி. எல்லா முட்டைக்கும் அடை ஒன்றாகத் தொடங்குவதால் குஞ்சுகளும் ஒன்றாகவே பொரிக்கும். ஒரு நாளுக்குள் தாயின் பின்னால் நடந்து கூட்டை விட்டுப் போய்விடும்.

ஒருமுறை இணைசேர்ந்த பெட்டையின் உடலில் விந்து நான்கு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். அடைக்கு உட்கார்ந்த பெட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. கூட்டைக் காப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ சேவலுக்குப் பங்கும் இல்லை. ஆனால் சேவலின் வேகம் தணியாது. துணை இல்லாமல் தனியே திரியும், மறுபடி ஓயாமல் கத்தத் தொடங்கும். வேட்டைக் காலத்தை ஏப்ரல் கடைசியில் திறப்பதில் உள்ள கணக்கு இதுதான்: பெரும்பாலான பெட்டைகள் இணைசேர்ந்து முடித்திருக்கும், பல ஏற்கெனவே முட்டையிடத் தொடங்கியிருக்கும், நாள் போகப் போக அவை அடைக்கு உட்கார, சேவல்கள் வெளியே தனியாக நிற்கும். தெற்கே போகப் போக இந்த நாட்காட்டி முன்னால் நகரும். தெற்கு ஃபுளோரிடாவில் மார்ச் தொடக்கத்திலேயே வேட்டை திறந்துவிடும். உங்கள் பகுதியின் தேதியை அந்தந்த ஆண்டின் அரசு விதித்தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிலத்தைத் தேர்ந்தெடுப்பது

தென் ஒன்டாரியோவில் நல்ல வான்கோழி நிலம் பெரும்பாலும் தனியார் பண்ணை. மரத்திலோ கம்பத்திலோ சிவப்புச் சாயம் பூசியிருந்தால் நுழையக்கூடாது என்று பொருள். மஞ்சள் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் அனுமதி. எந்தக் குறியும் இல்லாவிட்டாலும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்கப் போன இடத்தில் இன்னொரு பயனும் உண்டு. பால் பண்ணைக்காரருக்கு, குளிர்காலத்தில் தன் வயலில் கொட்டிய எருவில் சோளம் பொறுக்க எத்தனை வான்கோழி வந்தது, எந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது என்பது அத்துப்படி.

செயற்கைக்கோள் படத்தில் தேட வேண்டியது: பழைய ஓக், பீச் மரங்கள் உள்ள காடு, அதை ஒட்டி வைக்கோல் புல் வயலோ சோள வயலோ, இரண்டும் சந்திக்கும் புதர் மண்டிய ஓரம், பக்கத்தில் ஓடை. அடைய மரம், மேயத் திறந்தவெளி, கூட்டுக்கு மறைவு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் இது.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர்கள் ரூஜ் தேசிய நகரப் பூங்காவில் நடக்கும்போது வான்கோழியைப் பார்த்திருக்கலாம். அங்கே வேட்டை கிடையாது. ஆனால் நடைபாதையில் நின்றபடியே தடமும் எச்சமும் கிளறலும் பார்த்துப் பழக அது நல்ல பள்ளிக்கூடம்.

படி 2: விடியுமுன் காது, அந்தியில் கண்

வேட்டை திறப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில், விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் மேட்டில் ஓரிடத்தில் போய் நில்லுங்கள். சேவல் மரத்தில் இருந்தபடியே கத்தும். ஆந்தையோ காகமோ குரல் கொடுத்தால் பதிலுக்குக் கத்துகிற பழக்கமும் அதற்கு உண்டு. அதனால்தான் வேட்டைக்காரர்கள் ஆந்தைக் குரல் எழுப்பும் ஊதுகுழலைக் கையில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பெட்டைக் குரல் எழுப்பிப் பார்க்காதீர்கள். சீசன் தொடங்குமுன்பே ஏமாற்றிப் பழக்கப்படுத்திய சேவல், தொடங்கிய பின் வராது.

திசையைக் குறித்துக்கொண்டு, பறவைகள் இறங்கிப் போன பிறகு, நண்பகலில் அந்த மரத்தடிக்குப் போகலாம். அடையும் மரம் பெரும்பாலும் பெரியது, படுக்கைவாட்டில் நீண்ட கிளைகள் உள்ளது, சரிவிலோ ஓடைக்கரையிலோ நிற்பது. அடியில் வெவ்வேறு நாள் எச்சம் குவிந்திருக்கும், இறகும் கிடக்கும். ஒரே மரத்தில்தான் தினமும் அடையும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கத்திய வான்கோழி மரத்தை அடிக்கடி மாற்றும். மேற்கே சமவெளியில் மரம் குறைவு என்பதால் அங்குள்ள ரியோ கிராண்டே வகை அதே மரங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

படி 3: கால்தடம்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பண்ணைச் சாலைகளில் நடந்தால் போதும். முன்னோக்கி மூன்று தடித்த விரல்கள், பின்னால் சிலசமயம் கட்டை விரலின் புள்ளி. நடுவிரலின் அச்சு மட்டும் இரண்டரை அங்குலத்தைத் தாண்டினால் சேவல் என்று எடுத்துக்கொள்ளலாம். மொத்த நீளம் நாலரை அங்குலத்தை எட்டினால் சந்தேகமே வேண்டாம். பெட்டையின் தடம் நாலேகால் அங்குலத்துக்குள் அடங்கும். சட்டைப்பையில் ஒரு சிறிய அளவுநாடா வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவு இதில் ஏமாற்றும். ஈரச் சேற்றில் தடம் அகன்று பெட்டையும் சேவலாகத் தெரியும்.

நாரையின் தடத்தில் பின்விரல் நீளமாக, தெளிவாகப் பதிந்திருக்கும். சாண்ட்ஹில் கொக்கின் தடம் வான்கோழியோடு குழப்பும். ஆனால் விரல்கள் மெலிந்தவை. ரஃப்டு கிரௌஸ் எனும் காட்டுக்கோழியின் தடம் இரண்டு அங்குலம் அளவுதான்.

சேவல் தடத்தின் இரு பக்கமும் மண்ணில் மெல்லிய கோடுகள் இழுபட்டிருந்தால் அங்கேயே நின்று கவனியுங்கள். வாலை விரித்து, சிறகைத் தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்திச் சேவல் ஆடிய இடம் அது; கோடு போட்டது சிறகு நுனி. பெட்டைகளின் கண்ணில் படும்படியான மேடு, வயல் மூலை, காட்டுச் சாலைச் சந்திப்பு போன்ற இடங்களைத்தான் சேவல் இதற்குத் தேர்ந்தெடுக்கும். நாளுக்கு நாள் அங்கேயே திரும்பி வரும். எனக்குத் தெரிந்து வசந்த வேட்டையில் இதைவிட மதிப்புள்ள அடையாளம் எதுவுமில்லை.

படி 4: எச்சமும் இறகும்

சேவலின் எச்சம் நீண்டு, ஒரு முனை வளைந்து, ஆங்கில 'ஜே' எழுத்தின் வடிவில் இருக்கும். பெட்டையுடையது சுருண்டு குவிந்து கிடக்கும். இரண்டிலும் ஒரு முனையில் வெள்ளைப் பூச்சு இருக்கும். ஈரமும் பளபளப்பும் இருந்தால் இன்றையது. வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் பழையது.

அடைகாக்கும் பெட்டை நாள் முழுக்க அடக்கிவைத்து, எழுந்து வரும்போது ஒரேயடியாகக் கழிக்கும். அதனால் அந்த எச்சம் சாதாரணப் பெட்டை எச்சத்தைவிட மிகப் பெரியது. மே மாதத்தில் அப்படி ஒன்றைக் கண்டால், பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து புதரை நோக்கி நடக்காதீர்கள், சாலைப் பக்கம் விலகுங்கள்.

மார்பு இறகின் நுனி கருப்பாக இருந்தால் சேவல்; வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்டை. சிறகின் பெரிய இறகுகளில் கருப்பு வெள்ளைப் பட்டைகள் இருபாலுக்கும் பொது என்பதால் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

படி 5: கிளறலும் புழுதிக் குளியலும்

காட்டுத் தரையில் சருகு விலகி ஈர மண் தெரிந்தால், சருகு எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பாருங்கள். வான்கோழி காலால் வாரிப் பின்னால் எறியும். ஆகவே குவியலுக்கு எதிர்ப்பக்கம்தான் கூட்டம் போன திசை. ஒன்றிரண்டு கிளறல் என்றால் கடந்து போயிருக்கிறது. சரிவு முழுக்கக் கிளறியிருந்தால் ஓக் கொட்டையோ பீச் கொட்டையோ மிச்சம் இருக்கிறது, மறுபடி வரும். அணில் தோண்டியது சிறு வட்டக் குழியாக இருக்கும். மான் கிளறிய இடத்தில் குளம்படி தெரியும்.

புழுதிக் குளியல் குழியைக் கூடு என்று நினைத்துக் கலவரப்படுவோர் உண்டு. குளியல் குழி வெயில் படும் காய்ந்த இடத்தில், பொடி மண்ணாக, சருகே இல்லாமல் இருக்கும். ஓரத்தில் தடமும் சிற்றிறகும் கிடக்கும். எறும்புப் புற்று மேடு, சாய்ந்த மரத்தின் வேர்மண், கைவிட்ட மணல் குழி ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். கூட்டில் மண் தெரியாது, சருகுதான் தெரியும். இந்த ஒரு வேறுபாடு போதும்.

படி 6: கூடு எப்படி இருக்கும், எங்கே இருக்கும்

கூடு என்று சொல்கிறோமே தவிர, வான்கோழி எதையும் கட்டுவதில்லை. தரையில் ஓர் ஆழமற்ற பள்ளம், அவ்வளவுதான். ஆழம் ஓர் அங்குலம் அளவு, அகலம் 8 முதல் 11 அங்குலம், நீளம் 9 முதல் 13 அங்குலம். உள்ளே இருப்பது அங்கேயே கிடந்த சருகும் புல்லும். உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பின் வடிவத்துக்குப் படிந்திருக்கும்.

முட்டை வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு. மேலே செம்பழுப்புப் பொட்டுகள் தூவியிருக்கும். நீளம் 6 முதல் 7 சென்டிமீட்டர். கடையில் வாங்கும் பெரிய கோழி முட்டையைவிடச் சற்றே பெரியது, ஒரு முனை கூராக இருக்கும்.

ஊரில் வைக்கோல் போருக்குள் களவாய் முட்டையிடும் கோழியைத் தேடிக் கண்டுபிடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பறவையின் புத்தி எளிதில் புரியும்: முதுகுக்கு ஒரு தாங்கல், தலைக்கு மேல் ஒரு மறைப்பு, ஓடுவதற்கு ஒரு வழி. ஏப்ரலில் இலை துளிர்க்காத நேரத்தில் மறைவு குறைவு. ஆகவே முதல் கூடு பெரும்பாலும் மரத்தின் அடியில், விழுந்த மரத்தின் கிளைக் குவியலுக்குள், மரம் வெட்டிய இடத்தில் விட்டுப்போன கொப்புகளின் நடுவே இருக்கும். மே பாதிக்கு மேல் வைக்கும் கூடுகள் முள்புதர், மின்கம்பிப் பாதையில் வளர்ந்த செடிக்கூட்டம், தரிசு நிலம், வைக்கோல் புல் வயல் என்று வெளியே நகரும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: இடுப்பளவு உயரத்துக்குள் மறைவு அடர்த்தியாக இருக்கும். தலைக்கு மேல் எவ்வளவு பெரிய காடு நின்றாலும் கீழே வெறுந்தரை என்றால் அங்கே கூடு இருக்காது. காட்டின் நட்டநடுவைவிட, சாலையிலிருந்தோ வயல் ஓரத்திலிருந்தோ சற்று உள்ளே தள்ளிய இடங்களில்தான் அதிகம் பார்க்கலாம். குஞ்சு பொரித்ததும் பூச்சி நிறைந்த புல்வெளிக்கு அழைத்துப் போக அது வசதி.

ஆகவே கூட்டை மிதிக்காமல் இருக்க விரும்புகிறவர் செய்ய வேண்டியது எளிது. அந்த மாதிரி இடங்களுக்குள் கால் வைக்காதீர்கள். விழுந்த மரத்தைத் தாண்டிக் குதிக்காமல் சுற்றிப் போங்கள். வெட்டுக் கொப்புக் குவியலைக் குறுக்கே கடக்காதீர்கள். பாதை இருந்தால் பாதையில் நடங்கள். நாய் கூட வந்தால் கயிற்றை விடாதீர்கள்.

வேறு பறவையின் கூடாக இருந்தால்?

தரையில் கூடு வைக்கும் பறவை வான்கோழி மட்டுமல்ல. ரஃப்டு கிரௌஸ் இதேபோல் மரத்தடியில், இதே வெளிர்பழுப்பு முட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு இடும். ஆனால் முட்டை 4 சென்டிமீட்டர்தான். ஃபெசன்ட்டின் முட்டை பொட்டில்லாத ஆலிவ் பழுப்பு. கனடா வாத்து, மல்லார்டு வாத்து இரண்டும் தங்கள் மார்புத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தையாக விரிக்கும், முட்டையில் பொட்டு இருக்காது. தூவி மெத்தை இருந்தால் அது வான்கோழி இல்லை. பொந்து மரத்துக்குள்ளோ பாறை இடுக்கிலோ புள்ளி போட்ட பெரிய முட்டை இரண்டே இரண்டு இருந்தால் அது அநேகமாகப் பிணந்தின்னிக் கழுகினுடையது. நெருங்கினால் கழுகுக்குஞ்சு உங்கள் மேல் வாந்தி எடுக்கும், அந்த நாற்றம் துணியை விட்டுப் போகாது. எதுவாக இருந்தாலும் நடத்தை ஒன்றுதான்: விலகிப் போவது.

படி 7: காலடியில் பெட்டை எழுந்தால்

அடைகாக்கும் பெட்டை கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக் கிடக்கும். சில அடி தூரம் வரை நீங்கள் வந்தும் அசையாது. பிறகு காலடியிலிருந்தே படபடவென்று கிளம்பும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தூரத்திலேயே 'புட்' என்று எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு ஓடும். ஆகவே சத்தமே கொடுக்காமல் ஒற்றைப் பெட்டை மிக அருகிலிருந்து எழுந்தால் அது கூட்டிலிருந்துதான் எழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நொடியில் நின்ற இடத்தில் நில்லுங்கள். அடுத்த அடி வைக்கும் இடத்தில் முட்டை இருக்கலாம். காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். சருகை விலக்கிப் பார்க்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள், எண்ணாதீர்கள். அடையாளத்துக்கு வண்ண நாடா கட்டாதீர்கள். காகத்துக்கு அது அழைப்பிதழ். தொலைபேசியின் வரைபடத்தில் நூறடி தள்ளி வந்து ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். கூட்டுக்கு எதிரே தானியங்கி கேமரா மாட்டுவதும், முட்டையைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்புவதும் வேட்டைக்காரருக்கு அழகில்லை என்பது என் கருத்து.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. முட்டையிடும் நாட்களிலும் அடையின் தொடக்கத்திலும் கலைத்துவிட்ட பெட்டை கூட்டையே கைவிட்டுவிடும். குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கத்தான் பிடிப்பு இறுகும். வேட்டைக் காலத்தின் முதல் இரண்டு வாரம் மிகவும் ஆபத்தான அந்தத் தொடக்கக் கட்டத்தில்தான் விழுகிறது. மனிதர் குறுக்கிடாவிட்டாலும் பாதிக்கும் மேற்பட்ட கூடுகள் தோற்றுப்போகின்றன. நாமும் சேர்ந்து கெடுக்க வேண்டியதில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: ஒன்டாரியோவில் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதோ எடுப்பதோ 1997ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் வான்கோழி இடம்பெயரும் பறவைகளுக்கான கூட்டரசுச் சட்டத்தில் வராது. மாநிலச் சட்டம்தான் காக்கிறது.

படி 8: உடைந்த ஓடு சொல்வது

பொரித்த கூட்டில் ஓடுகள் கூட்டிலேயே கிடக்கும். குஞ்சு முட்டையின் பருத்த முனையைச் சுற்றி உள்ளிருந்து கொத்திக்கொண்டே வரும். மூடி கழன்றதுபோல் ஓடு இரண்டாகப் பிரிந்திருக்கும், உட்சவ்வு ஓட்டிலிருந்து விலகித் தொங்கும்.

தின்னப்பட்ட கூட்டில் ஓடு நொறுங்கிச் சிதறியிருக்கும், மஞ்சள்கரு சருகில் காய்ந்திருக்கும். ராக்கூன், ஸ்கங்க், ஒப்போசம், நரி, கொயோட்டி எல்லாமே இதில் கைவரிசை காட்டும். காகம் முட்டையில் ஓட்டை போட்டு, சிலசமயம் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் தின்னும். வயல் நடுவில் ஒற்றை முட்டை ஓடு கிடப்பது அதனால்தான். தெற்கு மாநிலங்களில் பாம்பு முழுதாக விழுங்கிவிடும், ஓடே மிஞ்சாது. எந்த மிருகம் என்று ஓட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ராக்கூனும் ஸ்கங்கும் விட்டுப் போகும் குப்பை பல சமயம் ஒரே மாதிரி இருக்கும்.

தேதியோடு பொருத்திப் பாருங்கள். ஏப்ரல் பாதியில் முட்டையிடத் தொடங்கி, இரண்டு வாரம் இட்டு, 28 நாள் அடை என்றால் மே கடைசிக்கு முன் பொரிக்க வழியில்லை. ஆகவே மே முதல் வாரத்தில் இந்த வட்டாரத்தில் கண்ட புது ஓடு தோற்றுப்போன கூட்டினுடையது. அந்தப் பெட்டை சில நாளில் மறுபடி சேவலைத் தேடிப் போகும், இரண்டாவது கூடு வைக்கும். அதில் முட்டை குறைவாக இருக்கும். கத்திக்கொண்டிருந்த சேவல் திடீரென்று அடங்கி, உங்கள் குரலுக்கு வராமல் போனால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: அதற்குத் துணை திரும்பக் கிடைத்துவிட்டது.

படி 9: எல்லாவற்றையும் சேர்த்து, எங்கே உட்காருவது?

கையில் இப்போது நான்கு புள்ளிகள் இருக்க வேண்டும்: அடையும் மரம், மேயும் வயல், சேவல் ஆடும் இடம், கூடு இருக்கக்கூடிய மறைவுப் பகுதி. சீசனின் முதல் வாரத்தில் விடியலில் மரத்துக்கும் வயலுக்கும் இடையே உட்காருவது வழக்கம். ஆனால் அப்போது சேவலோடு பெட்டைகள் இருக்கும். உயிருள்ள பெட்டை பக்கத்தில் இருக்கும்போது, பெட்டைக் குரல் எழுப்பும் உங்கள் ஊதுகுழலை அது சட்டை செய்யாது. பலர் எட்டு மணிக்குச் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கிளம்பாதீர்கள். முற்பகலில் பெட்டைகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு நழுவும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் சேவல் தனியாகிவிடும். பெட்டைகளைக் கடைசியாகப் பார்த்த திசைக்கோ, வழக்கமாக ஆடும் இடத்துக்கோ அது வரும். நீங்கள் உட்கார வேண்டியது அந்த ஆடும் இடத்தின் ஓரத்தில், கூட்டுப் பகுதிக்கு முதுகைக் காட்டாமல், அதற்குள் நுழையாமல். ஒன்டாரியோவில் மாலை 7 மணி வரை அனுமதி உண்டு. நியூயார்க்கில் நண்பகலோடு முடிந்துவிடும். மே இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை: பெட்டைகள் பெரும்பாலும் அடையில், சேவல்கள் தனிமையில், மற்ற வேட்டைக்காரர்கள் வீட்டில். கொசுதான் கூட இருக்கும்.

சுடுமுன் தலையைப் பாருங்கள். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக, உடல் கருப்பாக மின்னும். பெட்டையின் தலை சாம்பல் நீலம், உடல் பழுப்பு. சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு. தாடி இருப்பதால் அதைச் சுட விதி அனுமதிக்கும். ஆனால் மே மாதத்தில் அந்தப் பறவையின் பின்னால் பத்துப் பன்னிரண்டு முட்டை இருக்கக்கூடும். விட்டுவிடுங்கள்.

உங்கள் உடம்புக்கு

சிவப்பு, வெள்ளை, நீலம், கருப்பு ஆகிய நிறங்களில் கைக்குட்டைகூட வெளியே தெரியக்கூடாது. சேவலின் நிறங்கள் அவை. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். காபிள் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரரின் ஊதுகுழலாக இருக்கலாம். யாராவது நெருங்கினால் கையை ஆட்டாமல் உரக்கக் குரல் கொடுங்கள்.

வான்கோழிக்குப் பிடித்த வயலோரப் புதர்தான் கருங்கால் உண்ணிக்கும் பிடித்த இடம். லைம் நோயைப் பரப்புவது அது. பெர்மெத்ரின் எனும் பூச்சிமருந்து ஊட்டிய உடை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, வீடு திரும்பியதும் அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், தலைமுடி எல்லாம் ஒரு சோதனை. கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பொதுவாக ஒரு நாள் அளவாவது ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் அன்றே பார்ப்பதில் பெரிய பயன் இருக்கிறது. கூட்டைச் சுற்றியுள்ள புதர்களில் மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவியும் இருக்கும். தொட்டால் தோல் கொப்புளிக்கும்.

ஜூனில்

துப்பாக்கியை உள்ளே வைத்த பிறகும் இந்த அடையாளங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஜூன் முதல் வாரங்களில் பெட்டைகள் குஞ்சுகளோடு புல்வெளிக்கு வரும். முதல் இரண்டு வாரம் குஞ்சுகளால் மரமேற முடியாது. இரவில் தரையில் தாயின் சிறகுக்கடியில்தான் தூங்கும். வைக்கோல் முதல் அறுப்பும் அதே நாட்களில் வரும். மே மாதம் வரைபடத்தில் வைத்த புள்ளி வயலுக்குள் இருந்தால், அனுமதி கொடுத்த பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள். கூட்டைச் சுற்றிச் சிறு துண்டு புல்லை அறுக்காமல் விட அவர் சம்மதிக்கக்கூடும். அடுத்த ஆண்டு கதவைத் தட்டும்போது அவர் உங்களை நினைவு வைத்திருப்பார்.